நாலாவது சில்லு

கேரவனின் முதல் சில்லில் ஒரு வில்லங்கமும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சொல்வழி கேட்டது, இனி மிச்சம் இருப்பது இடதுபக்கத்துப் பின்சில்லு ஒன்றுதான். விடிந்ததிலிருந்து அதைத்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு வருகிறேன், சாப்பாட்டுக் கோப்பையில் பாகற்காயை ஓரத்துக்கு ஒதுக்குகிற பிள்ளை மாதிரி. இனி ஒதுக்க இடமில்லை. மகள் ஆரணி வீட்டு டிரைவ்வேயில், கேரவனுக்குக் கீழே, அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து மல்லாந்து கிடக்கிறேன். பாதை ஓரமாக நாயோடு போகிறவர்களுக்கு என் இரண்டு கால் மட்டும் தெரியும், ஒரு காலில் வெள்ளி மெட்டி, அதைக் கழற்றச் சொல்லிச் சனம் சொல்லிப் பார்த்தது, நான் கழற்றவில்லை. இஞ்சேருங்கோ, பார்த்தீர்களா, வீட்டை விட்டு ஓடிவந்த ஆட்கள் நாங்கள், இந்த நாட்டில் காசு கொடுத்து ஒரு வீட்டை வாங்கிக் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு திரிகிறோம் என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்களே, உங்கள் மகளும் ஒன்று வாங்கிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. போன கிழமை வந்து பார்க்கிறேன், பழைய கேரவன் ஒன்று வெள்ளையாக, கொழுத்த மாடு மாதிரி வாசலை மறித்து நிற்கிறது. எங்கே போகப் போறியள் என்றால், மலைக்கு அந்தப் பக்கத்து ஏரிக்கு என்கிறாள். அப்பாவுக்குப் பிடிச்ச இடம் அம்மா என்கிறாள். அப்பா கடைசித் தரம் போய்ச் சேராத இடம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் பார்த்ததோ என்று மட்டும் கேட்டேன். பார்க்கவில்லை. புதுவருட விடுமுறை, கராஜ் எல்லாம் பூட்டு. அப்படியென்றால் நான் பார்க்கிறேன் என்றேன், மருமகன் நிரோஷன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

அவனுக்கு எப்படித் தெரியும். ஆரணிக்கே சரியாகத் தெரியாது. வெளியில் நின்று பார்க்கிறவர்களுக்கு நீங்கள்தான் கேரவன்காரன், நான் வடை சுடுகிறவள். ஆனால் உங்களுக்குத் தோள்மூட்டு சரியில்லை, மல்லாந்து படுத்துக் கையை மேலே தூக்கினால் முகம் கோணிப்போகும், அதனால் முதல் வருடத்திலிருந்தே கீழே போகிறவள் நான். நீங்கள் வெளியே குந்தியிருந்து, ஜாக்கில் உயர்த்திய சில்லைக் கையால் சுற்றுவீர்கள். நான் சில்லின் பின்தகட்டில் இருக்கிற சின்ன ரப்பர் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கிற பல்லுச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுவேன். தள்ளத் தள்ள உள்ளே பிரேக் கட்டை விரியும், சில்லு இறுகும், ஒரு கட்டத்தில் சுற்றவே ஏலாமல் நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தளர்த்த வேண்டும், உரசல் போகும் வரைக்கும். போனதும் நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். இறுகியிருந்தாலும் ஆபத்து, தளர்ந்திருந்தாலும் ஆபத்து. நடுவில் இருக்கிற அந்த ஒரு இடத்தைக் கண்ணால் பார்க்க ஏலாது, காதால்தான் பிடிக்க வேண்டும், அந்தக் காது உங்களுடையது. தலையைச் சில்லில் ஒட்டி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... காணும், காணும், விடும்" என்பீர்கள். போதும் என்கிற அந்தக் காணுமுக்கு மேல் ஒரு பல்லும் நான் தள்ளியதில்லை. வேறு எந்த விசயத்திலும் நான் உங்கள் சொல் கேட்ட ஆள் இல்லை, உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

"அம்மா, சுத்தட்டோ?" ஆரணி வெளியில் குந்தியிருக்கிறாள். அவளுடைய முழங்கால் தெரிகிறது, பக்கத்தில் பேத்தி இயலின் வெறுங்கால் இரண்டும் தெரிகின்றன. தகப்பன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான், கால்கள் மேலே போய் மறைகின்றன. "தம்பி, கைப்பிரேக் விட்டாச்சோ?" என்று கத்துகிறேன். "அப்பவே விட்டாச்சு மாமி." சரி, சுத்து. அவள் சுற்றுகிறாள். இறுக்கியாயிற்று, தளர்த்துகிறேன், ஒரு பல்லு, இன்னொரு பல்லு. சர்... சர்... சர்... சில்லு ஒரு சுற்று வருகிற நேரத்துக்கு ஒரு தரம், ஒரே இடத்தில், சர். இன்னும் தளர்த்துகிறேன். சர். கொஞ்சம் பொறு என்கிறேன். வியர்வை நெற்றியிலிருந்து காதுக்குள் வழிகிறது. இந்த நாட்டு ஜனவரிக் கோடை வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் கொங்கிரீட் இப்போதே சுடத் தொடங்கிவிட்டது, வடக்கிலிருந்து காய்ந்த காற்று. பிரேக் தூசியின் மணம், கருகின இரும்பு மணம், இல்லை, கருகவில்லை, ஒன்றும் கருகவில்லை, இது நின்றுகொண்டிருக்கிற வண்டி. என்னுடைய மூக்கையும் நம்ப ஏலாது, என்னுடைய காதையும் நம்ப ஏலாது. இந்தச் சர் எனக்குப் புதிதில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷின் கடைசியாகச் சுற்றி ஓயும்போது கேட்கும். ரயில் ஸ்டேசனுக்குள் வரும்போது கேட்கும். ஒரு தரம் கோயிலில், ஐயர் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார், கல்லில் கட்டை உரசுகிற சத்தம், நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். ஆளில்லாத அறையில், ஒன்றுமே சுற்றாத நேரத்திலும் கேட்கும். ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் டொக்டரிடம் கொண்டுபோவார்கள், டொக்டர் தலையைச் சாய்த்துக்கொண்டு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பான். எனக்கு எப்படி இருக்கும். அப்படித்தான் இருக்கிறது.

அன்றைக்கும் மூன்று சில்லு ஒன்றாகத்தான் செய்தோம். அதைத்தான் யோசிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், நினைக்கிறபோதே அது வந்துவிடுகிறது. மூன்று சில்லு முடிந்தது, உள்ளே அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, வழிக்குத் தட்டைவடை சுட வேண்டும், மாவு குழைத்து வைத்தாயிற்று. "நீர் போம், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றீர்கள். தோள் என்ன செய்யும் என்றேன். "உது ஒண்டுதானே, செத்தா போவன்" என்றீர்கள். மனுசன் வாயைப் பார். நான் போய் வடை சுட்டேன். பிறகு நீங்கள் கழுவின கையோடு குசினிக்குள் வந்து சூடாக ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டு ஊதிக்கொண்டு, எல்லாம் சரி என்றீர்கள். சரியாகத்தான் செய்திருப்பீர்கள். நீங்கள் செய்தது பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. பிறகு உங்கள் அக்கா பூரணம் மச்சாள் வந்தா, தேசிக்காய்ப் பையோடு. மச்சாள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வண்டியும் வெளிக்கிட்டதில்லை. கேரவனின் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய், கற்பூரம், திருநீறு, எல்லாம் முறைப்படி. வண்டி மெல்ல நகர்ந்தது. மூன்று தேசிக்காய் பச்சக்கென்று நசிந்து புளிச்சாறு தெறித்தது. இடதுபக்கத்துப் பின்சில்லின் தேசிக்காய் நசியவில்லை. சில்லு அதைத் தள்ளிக்கொண்டு போனது. உருளவும் இல்லை, நசியவும் இல்லை, சில்லின் மூக்கில் ஒட்டிக்கொண்டு முழுசாக, மஞ்சளாக, நிலத்தில் வழுக்கிக்கொண்டே போனது. நான் பார்த்தேன். மச்சாளும் பார்த்தா. எல்லாரும் பார்த்தோம். மச்சாளின் முகம் கறுத்தது. "நிப்பாட்டு, நிப்பாட்டு, சகுனம் பிழைச்சுப் போச்சு" என்றா. அவசரமாகப் பைக்குள் கைவிட்டு வேறொன்றை எடுத்து, குங்குமம் தடவி, "அம்மாளாச்சி, பொறுத்துக்கொள்ளம்மா" என்று அதே இடத்தில் வைத்தா. உங்களைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னா, முன்னுக்கு விடச் சொன்னா, திரும்பப் பின்னுக்கு. நீங்கள் சிரித்துச் சிரித்து எடுத்தீர்கள். கடைசியில் அது நசிந்தது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது, எனக்கும் நல்ல ஆறுதலாக இருந்தது.

"அம்மா, என்ன சத்தத்தைக் காணேல்லை? சரியோ?" "பொறு பிள்ளை, கை விறைச்சுப் போச்சு." கை விறைக்கவில்லை. மலை வந்துவிட்டது. நான் வேண்டாம் என்றாலும் அந்த மலை வரும், அதற்கென்று நேரம் காலம் இல்லை, பல் தீட்டும்போதும் வரும். நீங்கள் முன்னால் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறீர்கள், நாங்கள் பின்னால் சின்னக் காரில், கார் ஓடுகிறவள் ஆரணி, அப்போது அவள் படித்துக்கொண்டிருந்த காலம், லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள். ஏறிமுடிந்து இறக்கம் தொடங்குகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, யூகலிப்டஸ் மணம், அதோடு இன்னொரு மணம். பிறகு சத்தம், சர், சர், மரங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. பிறகு இடதுபக்கத்துப் பின்சில்லிலிருந்து புகை, முதலில் சாம்பிராணிப் புகை அளவுக்கு, பிறகு கறுப்பாக. ஃபோனை எடுக்கிறேன், சிக்னல் இல்லை, திரும்பத் திரும்ப அமத்துகிறேன், இல்லை. "ஹோர்ன் அடி, ஹோர்ன் அடி" என்று கத்துகிறேன். ஆரணி அடிக்கிறாள், விடாமல் அடிக்கிறாள். உங்களுக்குக் கேட்டது. கேட்டதால்தான், உங்கள் பக்கத்து ஜன்னலால் உங்கள் கை வெளியே வந்தது, வெள்ளைச் சேட்டுக் கை, முழங்கை வரை மடித்த கை, எங்களைப் பார்த்து ஆட்டினீர்கள். பிள்ளை குஷியில் அடிக்கிறாள் என்று நினைத்தீர்கள். நல்ல சந்தோசமாக ஆட்டினீர்கள். அந்தக் கை ஆடிக்கொண்டிருக்கிறபோதே டயர் வெடித்தது, கேரவன் ஒரு பக்கமாக இழுத்தது, வளைவு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. விசாரணைக்கு வந்த வெள்ளைக்காரன் சொன்னான், அந்த ஒரு சில்லு வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று. ஏன் என்று கேட்டேன். எரிந்துபோன இரும்பில் அதைச் சொல்ல ஏலாது என்றான். ஆரணி அதற்குப் பிறகு ஹோர்ன் அடித்து நான் கேட்டதில்லை. கண்மண் தெரியாமல் ஒருத்தன் குறுக்கே வந்தாலும் பிரேக் பிடித்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

தேசிக்காய் ஏன் நசியவில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. கோயிலில் இல்லை, சாத்திரி வீட்டில் இல்லை, சூப்பர்மார்க்கெட்டில். தள்ளுவண்டி ஒன்று எடுத்தேன், அதில் ஒரு சில்லுக்குள் ஏதோ நூல் சிக்குப்பட்டு அது சுற்றவில்லை. இழுபட்டு வந்துகொண்டிருந்தது. மரக்கறிப் பக்கத்தில் திராட்சைக் குலையிலிருந்து உதிர்ந்த முந்திரிகைப்பழம் ஒன்று நிலத்தில் கிடந்தது. மற்றச் சில்லுப் பட்டிருந்தால் நசிந்திருக்கும். இந்தச் சில்லு அதை நசிக்காமல் தள்ளிக்கொண்டு போனது, முழுசாக, வெங்காயக் கூடை வரைக்கும். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சுற்றுகிற சில்லு ஏறி நசிக்கும். சுற்றாத சில்லு தள்ளிக்கொண்டு போகும். பால்குடிப் பிள்ளைக்கும் விளங்குகிற விசயம். அன்றைக்கு எங்கள் கண்ணுக்கு முன்னால், நடு முற்றத்தில், அந்தச் சில்லு சுற்றவில்லை என்று அந்தத் தேசிக்காய் எங்களுக்குக் காட்டியது. நாங்கள் அதைச் சகுனம் என்று எடுத்து, வேறு ஒன்றை வைத்து, அது நசியும்வரை வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, சகுனத்தைத் திருத்தி அனுப்பினோம். சில்லை ஒருவரும் பார்க்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வேலைசெய்கிற பெட்டை வந்து, சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டாள். இந்த வண்டி சரியில்லை என்றேன், வேறு ஒன்று தந்தாள். மச்சாளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. தன்னுடைய தம்பி உங்களுக்குத் திவசம் வந்தால் மச்சாள் மூன்று நாளைக்கு முன்னமே விரதம் தொடங்குகிற ஆள். இரண்டாவது தேசிக்காயை வைத்தது அவவின் கை. இதைச் சொன்னால் அந்தக் கையை அவ என்ன செய்வா. சில நாளில் கோபம் வரும், போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று செருப்புப் போடுவேன், பிறகு கழற்றிவிடுவேன்.

"சுத்து பிள்ளை." சர். இன்னும் தளர்த்துகிறேன். "சுத்து." சர். இன்னும். இது என்ன கண்டறியாத சில்லு, மற்ற மூன்றும் இவ்வளவு தளர்த்த முன்னமே ஊமையாகிவிட்டன. இதுக்கு மேல் தளர்த்தினால் பிரேக் என்று ஒன்று இருக்காது, இறக்கத்தில் மிதித்தால் மூன்று சில்லு பிடிக்கும், ஒன்று பிடிக்காது, கேரவன் ஒரு பக்கம் இழுக்கும், திரும்பவும் அதே வளைவு. தளர்த்தாவிட்டால் உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் அதே வளைவு. காருக்குள் இயல் இருப்பாள், பின்சீட்டில், தன்னுடைய துணி முயலோடு. எந்தப் பக்கத்தால் போனாலும் அதே வளைவுக்குத்தான் போய்ச் சேர்கிறேன். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் என்ன. காணும் என்று ஒரு சொல்லு. ஒவ்வொரு நாளும் தேவையில்லாத நேரமெல்லாம் வந்து பக்கத்தில் நிற்கிறீர்கள், கட்டிலில் உங்கள் பக்கத்து மெத்தை பதிகிறது, குசினியில் வடை மணத்துக்கு மூக்கை நீட்டுகிறீர்கள், தேவையான நேரம் வாயைத் திறக்கிறீர்கள் இல்லை. உண்மையில் இது உரசுகிறதா, இல்லாவிட்டால் என் தலைக்குள் உரசுகிறதா. அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டும். "ஆரணி, உனக்கு ஏதும் கேக்குதோ?" என்று கேட்டேன். சில்லு சுற்றிக்கொண்டிருக்கிறது. அவளுடைய முழங்கால் அசையவில்லை. "என்ன கேக்குறது?" "உள்ளுக்க. உரசுற மாதிரி." அவள் சில்லை இன்னொரு தரம் சுற்றினாள். "இல்லை அம்மா. ஒண்டும் கேக்கேல்லை." சர் என்கிறது எனக்கு. அவளுக்கு இளம் காது, எனக்குக் கிழட்டுக் காது. அவளுக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறது என்றால் அது சில்லில் இல்லை. அப்படித்தான் முடிவெடுத்தேன். கூடத் தளர்த்தியதைத் திரும்ப இறுக்கி, மற்றச் சில்லுகளில் எந்த இடத்தில் விட்டேனோ அந்த இடத்தில் விட்டு, ரப்பர் மூடியை அமத்திப் பூட்டிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆரணியின் முகம் வெளிறிப் போயிருந்தது, வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

தேத்தண்ணி குடித்தோம். நிரோஷன் ஜாக்கை இறக்கி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காரைக் கொண்டுவந்து கேரவனைக் கொழுவினான், சங்கிலி போட்டான், லைட் பார்த்தான். "மாமி, நீங்கள் ஒரு கராஜ் போடலாம்" என்றான். பகிடிதான், ஆனால் குரலில் மரியாதை இருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்து இறங்கினா, பொல்லும் கையுமாக, மற்றக் கையில் பை. பையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வண்டிக்குத் தேசிக்காய் வைக்க நான் விட்டதில்லை, ஆரணி புதுக் கார் எடுத்தபோதும் விடவில்லை, மச்சாளும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டா. "மலர், சின்னப் பிள்ளையையும் கொண்டு மலையால போகுதுகள். என்ர மனம் கேக்குதில்லை. ஒருக்கா வைச்சு விடுவம்." ஆரணி என்னைப் பார்த்தாள், இப்போது வெடிக்கப் போகிறது என்கிற மாதிரி. எனக்கும் வாய்வரை வந்தது. வந்த இடத்தில், சர் என்று அது கேட்டது, ஒன்றுமே சுற்றாத நேரத்தில். சூப்பர்மார்க்கெட் முந்திரிகைப்பழம் ஞாபகம் வந்தது. "தாங்கோ மச்சாள்" என்று பையை வாங்கினேன். "நான் வைக்கிறன்." மச்சாளுக்குக் கண் கலங்கிப்போனது, நான் மனம் மாறிவிட்டேன் என்று. நான் கற்பூரமும் கொளுத்தவில்லை, குங்குமமும் தடவவில்லை. நாலு சில்லுக்கும் முன்னால் டயரோடு முட்ட நாலு தேசிக்காயை வைத்துவிட்டு, இடதுபக்கத்துப் பின்சில்லுக்கு நேரே நிலத்தில் குந்தினேன். "தம்பி, கைப்பிரேக்கை விட்டிட்டு, ஆறுதலா, நடக்கிற வேகத்தில விடுங்கோ." நிரோஷன் இறங்கி வந்து கைப்பிரேக்கை விட்டான், ஏறினான், ஆரணி பின்சீட்டில் பிள்ளையோடு ஏறினாள், ஜன்னல் கண்ணாடிகள் மேலே போயின.

வண்டி நகர்ந்தது. அந்தப் பக்கம் பச்சக், பச்சக். இந்தப் பக்கம் முன்சில்லில் பச்சக். என் கண்ணுக்கு முன்னால் இருந்த தேசிக்காயில் டயர் முட்டியது. இப்போது ஏறும். இப்போது. ஏறவில்லை. தேசிக்காய் மெல்ல முன்னால் போனது, உருளாமல், நசியாமல், கொங்கிரீட்டில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று இழுத்துக்கொண்டு. டயரில் இருந்த மண்புள்ளி ஒன்று இருந்த இடத்திலேயே இருந்தது, மேலே போகவில்லை, கீழே வரவில்லை. கத்த வாயைத் திறந்தேன். கார் கேட்டைத் தாண்டப் போகிறது, அப்போது சாரதிப் பக்கத்து ஜன்னல் இறங்கி ஒரு கை வெளியே வந்தது. என்னைப் பார்த்து ஆடியது. போயிட்டு வாறம் என்று, நல்ல சந்தோசமாக ஆடியது. அது நிரோஷனின் கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணுக்கு அது வெள்ளைச் சேட்டு, முழங்கை வரை மடித்திருந்தது. நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது, ஓடினேன், ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையாலும் கேரவனின் தகட்டில் அறைந்தேன், திரும்பத் திரும்ப அறைந்தேன், உள்ளே கோப்பைகள் கிலுங்கின. பிறகு ஹோர்ன் சத்தம் ஒன்று, நீளமாக, விடாமல். ஆரணி பின்சீட்டிலிருந்து பாய்ந்து முன்னுக்கு எட்டிப் புருசனின் தோளுக்கு மேலால் ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றது.

மச்சாள் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தா. முழுசாகக் கிடந்த தேசிக்காயைப் பார்த்தா, அதே கறுத்த முகம், அதே அவசரம், பைக்குள் கை போனது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, வேற ஒண்டு வைப்பம். பின்னுக்கு எடுக்கச் சொல்லு பிள்ளை." "வேண்டாம் மச்சாள்" என்றேன். "சகுனம் பிழைச்ச—" "சகுனம் இல்லை மச்சாள். சில்லு சுத்தேல்லை. அதுதான் தள்ளிக்கொண்டு போகுது." சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை, அப்படி வைத்திருந்தேன் என்பதையே மறந்து, வேலை அவசரத்தில் சொல்லிவிட்டேன். மச்சாள் என்னைப் பார்த்தா. பிறகு சில்லைப் பார்த்தா. கையில் இருந்த இரண்டாவது தேசிக்காயைப் பார்த்தா, வேறு யாரோ அதைத் தன் கையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. "அப்ப... அண்டைக்கும்?" என்றா. எத்தனை நாள் செருப்புப் போட்டேன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. இப்போது அவவின் கையில் அந்தத் தேசிக்காயைப் பார்க்க ஏலவில்லை. "எங்களில ஒருத்தருக்கும் தெரியேல்லை மச்சாள்," என்று அந்தத் தேசிக்காயை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டேன். "எனக்கும்தான் தெரியேல்லை. இருங்கோ, வெயிலுக்க நிக்காதேங்கோ."

திரும்ப ஜாக், திரும்ப அட்டைப்பெட்டி, திரும்ப மல்லாந்து. இந்தத் தரம் ரப்பர் மூடியைக் கழற்றவில்லை. கைப்பிரேக்கிலிருந்து பின்சில்லு இரண்டுக்கும் போகிற கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். வலதுபக்கத்துக் கம்பி தொய்ந்து கிடந்தது. இடதுபக்கத்துக் கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. உறைக்குள் துருவேறி, கறள் பிடித்து இறுகி, கைப்பிரேக்கை விட்ட பிறகும் அது விடவில்லை. பல்லுச் சக்கரத்தை எவ்வளவு தளர்த்தினால் என்ன, பிடித்துக்கொண்டிருந்தது இது, முதலில் அரைகுறையாக, கைப்பிரேக்கைத் திரும்பப் போட்டு எடுத்த பிறகு முழுதாக. காலையில் இதை ஒரு விரலால் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் தொடவில்லை. கேட்ட சத்தத்தை நான் நம்பவில்லை. உங்களுக்கும் இப்படித்தானா, இஞ்சேருங்கோ, இதே கம்பிதானா. அதை இனி ஒருவராலும் சொல்ல ஏலாது. "இண்டைக்கு ஒரு இடமும் போறேல்லை தம்பி," என்று கீழே இருந்தபடியே சொன்னேன். "கம்பி மாத்த வேணும். கராஜ் திறக்கட்டும்." "சரி மாமி" என்றது நிரோஷனின் குரல், பகிடி இல்லாமல். கம்பியை ஒரு கையால் பிடித்து இழுத்துக் கொஞ்சம் இளக்கினேன். "ஆரணி, ஒருக்காச் சுத்து, பாப்பம்." அவள் வந்து குந்தினாள். சில்லு கனமாக, முனகிக்கொண்டு சுற்றியது. சர்... சர்...

"கேக்குதம்மா," என்றாள்.

"ஓம். இப்ப பலமாத்தானே கேக்குது."

"இல்லையம்மா. காலமையும் கேட்டது." அவளுடைய கை சில்லில் அப்படியே நின்றது. "எனக்கு எப்பவும் கேக்கிறதுதானே, அதாக்கும் எண்டு நினைச்சன்."

நான் கம்பியை விடவில்லை. மற்றக் கையை வெளியே நீட்டித் தடவி, அவளுடைய பாதத்தைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"திருப்பிச் சுத்து பிள்ளை," என்றேன். "ரெண்டு பேரும் கேப்பம்."